இயற்கையாக வளர்ந்த வேலி

மிதுசா தன் கைத்தொலைபேசியை நீட்டியபோது தேவமலர் அக்கா ஒரு கிடாயின் பின்னங்காலை முழங்கால்களுக்கிடையில் இறுக்கிக் குளம்பு வெட்டிக்கொண்டிருந்தார். நான் கிடாயின் தலையைப் பிடித்திருந்தேன். செப்டெம்பர் மாதத்துச் சனிக்கிழமை அது. முதல் நாள் மழையில் புல் நனைந்து கிடந்தது.

"அம்மா, இந்தப் படத்தைப் பாருங்கோ. எங்கடை புல்வெளி."

"ஓம். அதுக்கென்ன?"

"விற்பனைக்குப் போட்டிருக்கினம்."

படத்தில் கொட்டில் இருந்தது. ஒன்பது ஆடுகள் நின்றன. ஓரத்தில் சிவப்புத் துணியால் தலையைக் கட்டிய ஒரு பெண், வாளியோடு குனிந்திருந்தாள். முகம் தெரியவில்லை. அந்தத் துணி இப்போதும் அக்காவின் தலையில் இருந்தது. எப்போது வந்து யார் எடுத்தார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

மிதுசா விளம்பரத்தை ஜெர்மன் மொழியில் ஒருமுறை தனக்குள் வாசித்துவிட்டுத் தாய்க்குத் தமிழில் சொன்னாள். லிப்பே ஆற்றுக்கு அருகே இரண்டரை ஹெக்டேர் மேய்ச்சல் நிலம். நல்ல புல். கொட்டிலும் கிணறும் உண்டு. நான்கு பக்கமும் இயற்கையாக வளர்ந்த அழகிய வேலி. மார்ச் முதலாம் திகதி குத்தகைக்காரர் எவருமின்றிக் கையளிக்கப்படும்.

அக்கா கிடாயின் காலை விட்டுவிட்டார். அது என்னையும் இழுத்துக்கொண்டு நாலடி போனது.

"என்னெண்டு போட்டிருக்கு? திரும்ப வாசி."

"குத்தகைக்காரர் இல்லாமல்..."

"அதில்லை. வேலி."

"இயற்கையாக வளர்ந்த வேலி எண்டு."

"இயற்கையாக வளர்ந்ததோ," என்றார் அக்கா. குளம்பு வெட்டும் கத்தியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அன்று மிச்சமிருந்த ஆடுகளுக்குக் குளம்பு வெட்டவில்லை.

அந்த வேலியை அக்கா நட்டதை நான் பார்த்திருக்கிறேன். நான் மட்டுமல்ல, அந்த ஊரே பார்த்துச் சிரித்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தேவமலர் அக்கா 1997இல் இந்த நாட்டுக்கு வந்தவர். முதல் பத்து வருடம் டோர்ட்மண்டில் அலுவலகங்கள் துடைத்தார். பிறகு லூனனுக்கு வெளியே தெயோ என்ற விவசாயியின் வீட்டில், படுக்கையில் கிடந்த அவருடைய மனைவியைப் பார்க்கும் வேலைக்குப் போனார். வீட்டுக்குப் பின்னால் இந்த நிலம் கிடந்தது. எங்கள் கணக்கில் நூறு பரப்புக்குக் கொஞ்சம் குறைவு. பாதி சதுப்பு. கோரைப்புல்லைத் தவிர ஒன்றுமில்லை. தெயோ தன் மாடுகளைக்கூட அங்கே விடுவதில்லை. மனைவி செத்த பிறகு அக்கா அவரிடம் ஒன்றைத்தான் கேட்டார். இரண்டு ஆடு கட்டிக்கொள்ளலாமா என்று. கட்டிக்கொள் என்றார் கிழவர்.

இரண்டு ஆறாகின. ஆடுகள் தெருவுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரியின் பூமரங்களைக் கடித்தன. கம்பிவேலி போட அக்காவிடம் வழியில்லை. மாசி என்று நாங்கள் சொல்லும் பெப்ரவரி மாதத்துக் குளிரில் ஆற்றங்கரைக்குப் போய், அங்கே நிற்கும், வெட்டி நட்டால் வேர்விடும் வைடன் என்ற மரங்களில் மணிக்கட்டுப் பருமனான கொப்புகளாகப் பார்த்து வெட்டினார். ஆளுயரத்துக்குத் துண்டாக்கி, அடியைச் சரிவாகச் சீவி, அலவாங்கால் குழி போட்டு, முழத்துக்கொன்றாக நட்டார். மேல் முனை காயாமல் சாணியும் மண்ணும் குழைத்து அப்பினார். யாழ்ப்பாணத்தில் வேலி அடைத்த எவருக்கும் இது புதிதல்ல. கதியால் போடுவது என்போம். கிளுவைக்குச் செய்வதை அக்கா வைடனுக்குச் செய்தார். அவ்வளவுதான்.

ஊர்க்காரர் காரை நிறுத்திப் பார்த்தார்கள். வெளிநாட்டுக்காரி ஏன் தடிகளுக்குச் சாணி பூசுகிறாள் என்று தெயோவிடம் போய்க் கேட்டார்கள். வைகாசியில் தடிகள் எல்லாம் தளிர்த்தபோது கேட்டவர்கள் காரை நிறுத்தாமல் போனார்கள். இரண்டு மாரிகளில் ஆயிரத்து இருநூறுக்கு மேல் நட்டார். வேர்கள் தண்ணீரைக் குடித்தன, சதுப்பு இறுகியது, கோரை போய்ப் புல் வந்தது. மழையில்லாத இரண்டு கோடைகளில் சுற்றியிருந்த புல்வெளியெல்லாம் கருகிக் கிடக்க, அக்கா வேலியிலிருந்து குழை வெட்டிப் போட்டே ஆடுகளைக் காப்பாற்றினார்.

அதைத்தான் இயற்கையாக வளர்ந்தது என்று எழுதியிருந்தார்கள். கொட்டிலைத் தச்சர் கட்டினார் என்றால் ஒத்துக்கொள்வார்கள். கிணற்றை ஒருவர் வெட்டினார் என்பதையும் ஒத்துக்கொள்வார்கள். வேலி மட்டும் தானாக முளைத்து, தானாகவே வரிசையில் நின்றுவிட்டது.

குத்தகைக்காரர் எவருமின்றி என்பது அதைவிடப் பெரிய கதை. அதில் ஜெர்மன்காரரைவிட எங்கள் ஆட்களின் பிழைதான் கூட.

2010இல் தெயோ, எல்லாவற்றையும் கடதாசியில் எழுதிவிடுவோம் என்றார். நல்ல மனிதர். நிலத்தை விற்பதென்றால் குத்தகைக்காரரிடம்தான் முதலில் கேட்கவேண்டும் என்றும் தானாகவே அதில் எழுதினார். யார் கையெழுத்துப் போடுவது என்று அவர் கேட்டபோது, அக்காவின் வீட்டில் எல்லாரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். இராசலிங்கம் அண்ணை. அக்காவின் கணவர் தபோதரனுடைய தமையன். டோர்ட்மண்டில் மரக்கறிக்கடை வைத்திருப்பவர். அந்தக் குடும்பத்தில் முதலில் ஜெர்மன் பாஸ்போட் எடுத்தவர்.

வந்த காலத்தில் எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு விசா இல்லை. கார், தொலைபேசி, வாடகைவீடு, கலியாண மண்டபம் எல்லாவற்றையும் பாஸ்போட் உள்ள ஒருவரின் பேரிலேயே எடுத்துப் பழகிவிட்டோம். விசா கிடைத்த பிறகும் பழக்கம் போகவில்லை. 2010இல் அக்காவிடம் நிரந்தர விசா இருந்தது. குத்தகைக்குக் கையெழுத்துப் போட அது தாராளமாகப் போதும். அதை ஒருவரும் அக்காவிடம் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. நிலத்தில் கால் வைக்காத இராசலிங்கம் அண்ணை குத்தகைக்காரரானார்.

ஆடுகள் மட்டும் அக்காவின் பேரில் இருந்தன. மிருக வைத்திய அலுவலகத்துக்குப் போக அன்று அண்ணைக்கு நேரமில்லை. பன்னிரண்டு வயது மிதுசாவை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு அக்காவே போய்ப் பதிந்தார். ஒவ்வொரு ஆட்டின் காதிலும் தொங்கும் மஞ்சள் அடையாளத்தில் இருப்பது அக்காவின் இலக்கம். அந்த ஆடு தின்னும் புல் இராசலிங்கம் அண்ணையுடையது.

தெயோ செத்தபின் நிலம் பிராங்பேர்ட்டில் வேலை செய்யும் மகனுக்குப் போனது. மகன் ஒரு தரகரை வைத்தார். அந்தத் தரகர் ஆவணி மாதத்தில் அண்ணையின் கடைக்கு வந்தார். வந்தபோது நான் கடையில் மரவள்ளிக்கிழங்கு அடுக்கிக்கொண்டிருந்தேன். கிழமை நாட்களில் எனக்கு அங்கேதான் வேலை. நீலக் கோட்டுப் போட்ட மனிதர் இரண்டு தாள்களைக் கல்லாவில் வைத்தார். ஏதோ விளக்கினார். அண்ணை கண்ணாடியைக்கூட எடுத்துப் போடவில்லை. தராசுக்குப் பக்கத்தில் கிடந்த பேனையால் கையெழுத்துப் போட்டார். வந்தவருக்கு ஒரு மாம்பழமும் கொடுத்து அனுப்பினார். தாளின் மேலே தெயோவின் குடும்பப் பெயரை நான் பார்த்தேன். வடிவாகத்தான் பார்த்தேன். எனக்கென்ன என்று கிழங்கை அடுக்கினேன்.

மிதுசா விளம்பரத்தை வாசித்த அன்று பின்னேரம், அக்காவின் காரில் ஏறியபிறகுதான் அதைச் சொன்னேன். அக்கா என்னைத் திட்டவில்லை. "அப்பவே சொல்லியிருக்கலாம், ரஞ்சினி," என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

திங்கட்கிழமை அக்காவும் மிதுசாவும் தபோதரன் அண்ணையும் அண்ணையின் கடைக்கு வந்தார்கள். தபோதரன் அண்ணை காரை விட்டு இறங்கவில்லை. "அண்ணையோடை நான் என்னெண்டு கதைக்கிறது" என்றாராம். மனைவியின் பதினான்கு வருட உழைப்பு போகிறது, இவருக்கு அண்ணையோடு கதைக்க ஏலாது.

அக்கா கல்லாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"பெரியத்தான், தெயோவின்ரை மகன்ரை ஆளுக்கு என்ன கையெழுத்துப் போட்டுக் குடுத்தனீங்கள்?"

"ஆர் சொன்னது?"

"ஆர் சொன்னாலென்ன. போட்டனீங்களோ இல்லையோ?"

"போட்டனான். என்ரை பேரிலை கிடந்த கடதாசி. குத்தகை வேண்டாம் எண்டு போட்டனான்."

"ஒரு சொல்லு கேட்டனீங்களோ?"

அண்ணை குரலைத் தணித்தார். "பிள்ளை, உன்ரை நன்மைக்குத்தான் செய்தனான். மிதுசாவுக்கு இருபத்தஞ்சு வயசு. சம்பந்தம் கதைக்க வாறவை தாய் என்ன செய்யிறா எண்டு கேட்டால் நான் என்ன சொல்ல? ஆடு மேய்க்கிறா எண்டோ? ஊரிலை எங்கடை பொம்பிளையள் வயலுக்கே இறங்கினதில்லை. ஜெர்மனிக்கு வந்து ஆட்டுக்குப் பின்னாலை திரியிறது எனக்குத்தான் வெக்கமாக் கிடக்கு."

"கிடாய் அறுத்தால் தொடை முதல் உங்கடை வீட்டுக்குத்தானே வாறது. அதைத் தின்னேக்கை வெக்கமில்லையோ?"

வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் சிரித்துவிட்டு, வெண்டிக்காயைப் பார்த்துச் சிரித்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டார்.

"பெரியப்பா," என்றாள் மிதுசா, "என்னைக் கட்டுறவர் ஆட்டையும் சேத்துத்தான் கட்டவேணும். நீங்கள் கவலைப்படாதேங்கோ."

"வாயைப் பார். ஜெர்மனியிலை வளந்த வாய்."

"அந்தத் தாளை வாசிச்சனீங்களோ?" என்றாள் மிதுசா. "விக்கேக்கை முதல் எங்களைக் கேக்கவேணும் எண்ட உரிமையும் அதோடை போட்டுது. தெரியுமோ?"

அவருக்குத் தெரியாது. முகத்தில் தெரிந்தது. ஆனால் பிழை விட்டுவிட்டேன் என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. "நான் வேலையா நிக்கிறன், பிறகு கதைப்பம்" என்று உள்ளே போய்விட்டார்.

பிறகு அக்காவும் மிதுசாவும் ஏறாத படியில்லை. வேணுஜா என்ற இளம் வழக்கறிஞர், எங்கள் தமிழ்ப் பிள்ளைதான், தாள்களை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கைவிரித்தாள். குத்தகைக்காரர் தானாக விரும்பி விலகியிருக்கிறார். அக்கா அந்த நிலத்தில் யார் என்பதற்கு ஒரு தாளும் இல்லை. தெயோவின் மகனுக்கு அக்கா கடிதம் போட்டார். நிலத்தை நானே வாங்குகிறேன், மிதுசாவும் வங்கியில் கதைத்துவிட்டாள் என்று எழுதினார். தரகர்தான் பதில் போட்டார். குதிரை வளர்க்கும் ஒரு தம்பதி கூடுதலாகக் கேட்டுவிட்டார்களாம். விவசாய நிலத்தை விவசாயிக்குத்தான் விற்கவேண்டும் என்று சட்டம் இருப்பதாகக் கேள்விப்பட்டு அதையும் விசாரித்தோம். பதிவு செய்து குதிரை வளர்ப்பவர்களும் விவசாயிதானாம். முப்பத்தொரு ஆடு வளர்ப்பவர் அந்த நிலத்துக்கு யாரோ.

தை மாதத்தில் தரகர் அக்காவுக்கு இன்னொரு கடிதம் போட்டார். நிலத்தில் வேரூன்றியிருக்கும் எதையும் தொடவோ எடுக்கவோ அவருக்கு உரிமை இல்லை என்று. அந்த நிலத்தில் யாருக்கு என்ன உரிமை என்று சொல்லும் ஒரு தாளிலும் அதுவரை அக்காவின் பெயர் இல்லை. முதன்முதலில் வந்தது இந்தக் கட்டளையில்தான்.

புது இடம் கிடைத்தது கொறற்றியால். கொறற்றி ஹம் நகருக்குப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்தின் அலுவலகத்தைத் துப்புரவு செய்பவள். தேவாலயப் பங்குக்குச் சொந்தமான ஒரு புல்வெளி பல வருடமாகச் சும்மா கிடக்கிறது, கேட்டுப் பாருங்கோ என்றாள். நானும் போனேன். தெயோவின் நிலத்தைவிடச் சிறியது. அதைப்போலவே சதுப்பு. வேலி என்று ஒரு கம்பிகூட இல்லை. அலுவலகப் பெண் குத்தகைத் தாளை வைத்து, கணவர் வருவாரா என்று கேட்டாள். அக்கா பேனையை வாங்கித் தன் பெயரை முழுதாக எழுதினார். தாளை வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு வரியாகக் கேட்டபிறகுதான் எழுதினார். முக்கால் மணித்தியாலம் போனது. அந்தப் பெண் மணிக்கூட்டைப் பார்த்தாள். பார்க்கட்டும்.

ஆனால் வேலி இல்லாத இடத்தில் ஆடு நிறுத்த ஏலாது. கம்பிவேலிக்கு வங்கியும் உதவாது. மாசி பிறந்துவிட்டது. பழைய வேலியில் ஒரு கொப்பு வெட்டினாலும் தரகர் பொலிசுக்குப் போவார். அக்கா நித்திரையில்லாமல் திரிந்தார்.

மாசி நடுவில் இராசலிங்கம் அண்ணையின் கடைக்குத் தரகரிடமிருந்து ஒரு பதிவுத்தபால் வந்தது. அவர் இந்த முறை கண்ணாடி போட்டு வாசித்தார். மூன்று தரம் வாசித்தார். கடை பூட்டியதும் நேரே அக்காவின் வீட்டுக்குப் போனார். மிதுசாவுக்குக் கறிவேப்பிலைக் கட்டு ஒன்றைக் கொடுக்கப் போய் நானும் அங்கே இருந்தேன்.

"வேலியை வெட்டி ஒப்படைக்க வேணுமாம்," என்று தாளை மேசையில் வைத்தார். "இல்லாட்டி கொம்பனியை விட்டு வெட்டிப்போட்டு என்னட்டைக் காசு கேப்பினமாம்."

மிதுசா வாசித்தாள். வேலி தெருவுக்குச் சாய்கிறது என்று அயலவர் முறையிட்ட வருடத்தில், தெயோ குத்தகைத் தாளில் கையால் சேர்த்த வரி அது. ஒவ்வொரு வருடமும் மாசி முடியமுன் குத்தகைக்காரர் வேலியை நெஞ்சளவுக்கு வெட்டவேண்டும். வெட்டியதை ஒரு கொப்பும் விடாமல் அகற்றவேண்டும். பங்குனியில் பறவைகள் கூடு கட்டத் தொடங்கினால் இந்த நாட்டில் வேலியில் கை வைக்கக்கூடாது. பதினான்கு வருடமாக அக்கா செய்த வேலை. குத்தகைக்காரர் யார் என்று எவரும் கேட்கவில்லை.

"கடைசி வரியைத் திரும்ப வாசி," என்றார் அக்கா.

"வெட்டியதை ஒரு கொப்பும் விடாமல் குத்தகைக்காரர் அகற்றவேண்டும்."

"குத்தகைக்காரர் ஆர்?"

மாசி முடியும்வரை கடதாசியில் அது பெரியப்பாதான். மிதுசா அவரைப் பார்த்தாள்.

"தேவமலர், எனக்கு உது வெட்டத் தெரியுமோ?" என்றார் அண்ணை.

"வாள் கொட்டிலுக்கை கிடக்கு."

"நீ வரமாட்டியோ?"

"வருவன். எப்பிடி வெட்டுறதெண்டு காட்ட. எனக்கு அங்கை ஒண்டையும் தொட உரிமையில்லை, பெரியத்தான். கடிதம் வந்தது."

அந்தக் கிழமை நான்கு நாட்கள் கடை பின்னேரம் இரண்டு மணிக்குப் பூட்டப்பட்டது. இராசலிங்கம் அண்ணை மகனின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு சேற்றில் நின்று வாள் பிடித்தார். அக்கா கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டபடி பக்கத்தில் நின்றார்.

"உதில்லை, மற்றது. நேராய் நிக்கிறதைப் பாருங்கோ."

"எதை வெட்டினால் என்ன? குப்பைக்குத்தானே."

"சரிவா வெட்டுங்கோ. அடிமரம் கிழிபடாமல்."

இரண்டாம் நாள் அவருக்கு விளங்கிவிட்டது. குப்பை என்ற சொல்லை விட்டுவிட்டார். வெட்டிய கொப்புகளைத் தோளில் வைத்துக்கொண்டு கடை வாகனத்துக்கு நடந்தார். இலையில்லாத காலம் என்றாலும் மொட்டுக்கும் பட்டைக்கும் ஆசைப்பட்டு முப்பத்தொரு ஆடும் அவருக்குப் பின்னால் நடந்தன. ஒன்று அவருடைய கோட்டின் தொங்கலைக் கடித்து இழுத்தது. கிடாய்க்குச் சொல்லிவைக்க வந்த டாக்சிக்காரப் பிருந்தன் படலையில் நின்று பார்த்தான்.

"என்ன அண்ணை, எப்ப தொடக்கம் ஆடு வளக்கிறியள்? கடை படுத்திட்டுதோ?"

"பொத்தடா வாயை. வந்து ஒரு கை பிடி."

"நான் பிடிக்கமாட்டன். எனக்கும் பொம்பிளை பாக்கினம்."

அக்கா அந்தச் செப்டெம்பருக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார்.

மாசி கடைசி நாள் பழைய வேலி நெஞ்சளவில் ஒரே மட்டமாக நின்றது. தரகர் வந்து சுற்றிப் பார்த்துப் படம் எடுத்தார். நிலத்தில் ஒரு கொப்பும் இல்லை என்று இராசலிங்கம் அண்ணையிடம் தாளில் கையெழுத்து வாங்கினார். எழுநூறுக்குக் கிட்ட கதியால்கள் அப்போது தேவாலயப் புல்வெளியின் ஓரத்தில் ஈரச் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தன.

அடுத்த ஞாயிறு நட்டோம். அக்கா அலவாங்கு போட்டார். தபோதரன் அண்ணை அன்றைக்குக் காரை விட்டு இறங்கினார். நான் சாணியும் மண்ணும் குழைத்தேன். இராசலிங்கம் அண்ணைக்குத் தடியை நேராகப் பிடிக்கும் வேலை. கையில் கொப்புளம் என்று மூன்று தரம் சொன்னார். ஒருவரும் பார்க்கவில்லை. தடிகள் தளிர்த்து இறுகும்வரைக்கும் என்று, பிருந்தன் எங்கேயோ கடன் வாங்கிவந்த மின்வலையை மாசி முடியமுன்னமே உட்புறமாகச் சுற்றிக் கட்டி ஆடுகளை உள்ளே விட்டிருந்தோம்.

பழைய நிலத்தில் இப்போது நான்கு குதிரைகள் நிற்கின்றன. தனியார் காணி, உள்ளே வரக்கூடாது என்று ஒரு பலகை, அக்கா நட்ட மரம் ஒன்றில் ஆணி அடித்துத் தொங்குகிறது. பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன். எனக்கு ஆறவில்லை. புது இடத்தில் முளைத்தால் பழையது நியாயமாகிவிடாது.

வைகாசியில் ஒருநாள் கடையில் கூட்டமாக இருந்தது. தேவாலயப் புல்வெளிப் பக்கம் போய் வந்த யாரோ, வேலி நல்லாய்த் தளிர்த்திருக்கு என்று சொன்னார்கள். இராசலிங்கம் அண்ணை கல்லாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பின்னை? யாழ்ப்பாணத்து வேலை தெரிஞ்ச ஆக்கள் நட்டால் தளிர்க்காமல் விடுமோ? நான் நட்டது. எழுநூறு தடி. கையெல்லாம் கொப்புளம்."

நான் தராசில் பாகற்காய் வைத்துக்கொண்டிருந்தேன். பத்து வருடமாக அந்தக் கடையில் விலையைத் தவிர வேறொன்றும் சத்தமாகச் சொன்னதில்லை.

"நட்டது தேவமலர் அக்கா," என்றேன். "நீங்கள் பிடிச்சனீங்கள்."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அண்ணையும் பார்த்தார். எனக்குக் காது சுட்டது. பாகற்காய் எண்ணூறு கிராம் நின்றது. அதையும் சொன்னேன்.